மாமனாரின் பெயரில் ஒரு பூனை

1

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த நாளில் என் கணவர் வேலையால் வரும்போது ஒரு கேக் வாங்கி வந்தார். நான் அன்று முழுக்க, எங்கள் பின்வீட்டுக்காரியைத் தெருவில் வைத்து எப்படி மானங்கெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேக்கை வெட்டும்போதும் அதே யோசனைதான்.

"என்ன, கத்தியை இந்தப் பிடி பிடிக்கிறீர்?" என்று அவர் கேட்டார்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிற நீங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: அங்கே சனம் எப்படி, நல்ல மாதிரியா? நானும் ஐந்து வருடமாக "தங்கமான சனம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை உள்ளதை எழுதுகிறேன். தங்கமான சனம் இருக்கிறது. எங்கள் பின்வீட்டு மிஸிஸ் பிரிட்சர்டும் இருக்கிறாள். அறுபது கடந்த விதவையை "அவ" என்று மரியாதையாக எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை வரவில்லை, மன்னியுங்கள்.

எங்கள் வீடு கிளென் வேவர்லியில். ரயில் பாதை அங்கே முடிந்துவிடும்; அதற்கு அப்பால் இன்னும் பழத்தோட்டங்கள்தான். எங்கள் வளவுக்கும் அவள் வளவுக்கும் நடுவே ஒரு பலகை வேலி. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் வடை சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் நான் சுற்றிக் கொடுத்த தாள் கூடப் பிரிக்கப்படாமல் அப்படியே திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் மிளகாய் வறுத்தேன். அடுத்த கிழமை, புகை வருகிறதாமே என்று விசாரிக்க நகரசபையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். மூன்றாவது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாவம் அந்தப் பூனை, அதற்கும் கறிதானா கொடுக்கிறாய்?" என்று கேட்டாள். மூன்றையும் நான் மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். மறக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

2

பூனையின் பெயர் அப்பளம். என் மகள் நளாயினி வைத்த பெயர். அப்போது ஓக்லியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். மழை நாளொன்றில், பால் போத்தல் வைக்கிற படியில் சாம்பல் நிறக் குட்டியொன்று வயிறும் முதுகும் ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. "அம்மா, அப்பளம்!" என்று கத்தினாள். அவளுக்கு ஏழு வயது. நாங்கள் வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. அவள் வாயில் தமிழ் நிறைய இருந்தது.

இப்போது பதினொரு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று "நளா, இஞ்ச வா" என்று கூப்பிட்டதற்காக அன்று மாலை முழுக்க அழுதாள். இனிமேல் அங்கே வந்தால் காருக்குள்ளேயே இருங்கள், வாய் திறக்காதீர்கள் என்றாள். சனிக்கிழமைகளில் அவள் அப்பா அ, ஆ சொல்லிக் கொடுக்க உட்காருவார். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் கொப்பி நிறையக் குதிரைப் படம்.

ஆனால் அப்பளத்தோடு மட்டும் அவள் தமிழ்தான் கதைப்பாள். யாரும் கேட்கவில்லை என்று நினைக்கும்போது.

"வாங்கோ குஞ்சு. எங்க போனனீங்கள் இவ்வளவு நேரமும்? பசிக்குதோ? இருங்கோ, அக்கா பால் கொண்டாறன்."

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் அவளுக்குச் சொன்னவை இவை. அவள் அவற்றை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து பூனைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கழுவாத பாத்திரத்தைக் கையில் வைத்தபடி நின்று கேட்பேன். என் கணவருக்குக் கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் போய்ப் பக்கத்தில் நின்று ரசிப்பார். அவள் அன்றோடு நிறுத்திவிடுவாள்.

ஆகையால் அப்பளம் காணாமல் போனபோது என் வீட்டில் போனது ஒரு பூனை மட்டுமல்ல. என் பிள்ளையின் தமிழ் முழுவதும் அதோடு போயிற்று.

3

இந்த நாட்டில் பூனைக்குக் காதில் பச்சை குத்துகிறார்கள். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. குட்டி போடாமல் இருக்கப் பூனைக்குச் சத்திரசிகிச்சை செய்வார்கள் அல்லவா, அந்த மயக்கத்திலேயே, ஊசி முனைகளால் ஆன எழுத்துப் பொருத்திய ஒரு குறட்டால் காதின் உட்பக்கத்தை அழுத்தி, பச்சை மையைத் தேய்த்துவிடுவார்கள். ஓர் எழுத்து, சில இலக்கங்கள். மிருக வைத்தியரின் கொப்பியில் அந்த எண்ணுக்கு எதிரே சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் இருக்கும். "கழுத்துப் பட்டி கழன்று விழும், இது சாகும் வரைக்கும் போகாது" என்று ஓக்லி வைத்தியர் சொன்னார்.

என் கணவருக்கு அது நல்லாகப் பிடித்துக்கொண்டது. "எங்கட ஊரில மாட்டுக்குக் குறி சுடுறது போலத்தான்" என்று சொல்லிக்கொண்டு படிவத்தை வாங்கி நிரப்பினார். நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

குறி சுடுவது பற்றி எனக்கும் தெரியும். என் அப்பாவின் சிவலை மாடொன்றைக் களவெடுத்து, எங்கள் குறிக்கு மேலேயே தன் குறியைச் சுட்டு வைத்திருந்தான் ஒருவன். அப்பா ஊர் அதிகாரியான விதானையாரைக் கூட்டிக்கொண்டு போய், மாட்டின் தொடை மயிரை மழித்து, தண்ணீர் தடவி, அடியில் கிடந்த எங்கள் எழுத்தைக் காட்டினார். மாட்டை அப்போதே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அப்பா ஓட்டிக்கொண்டு வரவில்லை. களவெடுத்தவனே அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சந்தை கூடுகிற நேரத்தில், கடைத்தெருவால் நடத்தி வந்து எங்கள் வாசல் படலையில் கட்ட வேண்டும் என்று நின்று, அப்படியே செய்வித்தார். அந்த மனிதன் பிறகு அந்தத் தெருவால் போகவே இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. மதிலில் ஏறி நின்று பார்த்தேன். பரிதாபமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இருக்கவில்லை. நன்றாக இருந்தது.

4

அப்பளம் காணாமல் போனதும் மகள் கையாலேயே அறிவித்தல் எழுதினாள். பால்கடையில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று, எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் ஒவ்வொரு தபால் பெட்டிக்குள்ளும் ஒன்று. மிஸிஸ் பிரிட்சர்டின் பெட்டிக்குள் போடும்போது அவள் வாசலில்தான் நின்றாளாம். வாசித்துப் பார்த்துவிட்டு, "பாவம் பிள்ளை, கார் அடித்திருக்கும். தேடி மினக்கெடாதே" என்றாளாம்.

அன்று மகள் சாப்பிடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் குரலே குறைந்துவிட்டது. ஆங்கிலத்திலும் குறைந்துவிட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிப் பலகை இடுக்கால் பார்த்தால் அவள் வீட்டுக் கண்ணாடி அறை தெரியும். உள்ளே வெயிலில், கழுத்தில் நீலப் பட்டியோடு, கொழுத்துப்போய், எங்கள் அப்பளம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எடுத்தது கூடப் பரவாயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூனையை வைத்துக்கொண்டு, கார் அடித்துவிட்டது என்று என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே.

சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"இது டஸ்டி," என்றாள். "குட்டியிலிருந்தே என்னிடம்தான் இருக்கிறது."

"காதைப் பாருங்கள். பச்சையில் எண் இருக்கும்."

அவள் அதைக் காணவில்லை போலும். காதைப் புரட்டிப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. நான் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை, நேரே அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய தொலைபேசியிலிருந்தே, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஓக்லிக்கு அழைத்தேன். எங்களைத் தெரிந்த வைத்தியர் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டாராம். புதியவர் கொப்பியைப் புரட்டினார். எண் சரி. சாம்பல் நிறம், ஆண், சரி. "சொந்தக்காரர், மிஸ்டர் சின்னத்தம்பி," என்று வாசித்தார். நான் திகைத்து நின்ற நேரத்தில் அவள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கித் தானும் கேட்டாள்.

"மிஸ்டர் சின்னத்தம்பி யார்? உன் கணவரா?"

"இல்லை. என் மாமனார்."

"அப்படியானால் அவரை வந்து கேட்கச் சொல்."

"அவர் செத்துப் பன்னிரண்டு வருடம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்போது இது உன்னுடையதும் இல்லை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்தச் சிரிப்பையும் வரிசையில் அடுக்கி வைத்தேன்.

5

"எதுக்குச் செத்த மனுசன்ர பேரை எழுதினனீங்கள்?" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

என் கணவர் நீர்ப்பாசன எஞ்சினியர். பல்கலைக்கழகம் வரை படித்தவர். அவர் சொன்ன பதில் இது: "எங்கட வீட்டில ஆடு மாடு எல்லாம் எப்பவும் அப்பான்ர பேரிலதானே. அப்பா செத்த பிறகும் அந்தக் குறியாலதான் சுடுறனாங்கள். சொந்தக்காரர் எண்டு கேட்டிருந்தது. நான் பூனையை என்ர பேரில எழுதிறதே?"

குறியை மாற்றினால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று அர்த்தமாம். யாழ்ப்பாணத்தில் செத்துப்போன, வயல் செய்த ஒரு கமக்காரர், விமானத்தையே கண்ணால் காணாதவர், மெல்பேர்னில் ஒரு பூனைக்குச் சொந்தக்காரர். விலாசமும் பழைய ஃபிளாட்டின் விலாசம். வீடு மாறியபோது யாரும் போய்த் திருத்தவில்லை. வைத்தியர் எங்களுக்குத் தந்த எண் அட்டை அந்த மாற்றத்தில் தொலைந்துவிட்டது. நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில். நாள் முழுவதும் மனிதர்களைக் குடும்பப் பெயர் வரிசையில் அடுக்குகிறவள். என் வீட்டுப் பூனை யார் பெயரில் என்று எனக்குத் தெரியவில்லை.

"இஞ்சரும், விடும். வேற ஒரு குட்டி எடுப்பம்," என்றார்.

"பூனைக்கு வேற குட்டி எடுக்கலாம். அந்தப் பின்வீட்டுக்காரிக்கு நான் குடுக்கவேண்டியதை ஆர் குடுப்பினம்?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அந்த நாட்களில் நான் குசினிக்குள் நின்று திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. வெங்காயம் வெட்டினால் அவள், தேங்காய்ப்பூ ஊறவைத்தால் அவள். என் ஆத்தை அப்பு காலத்துச் சொற்கள் எல்லாம் வெளியே வந்தன. ஊரில் இருந்தபோது நான் அப்படிப் பேசினவள் அல்ல. மகள் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பாள். தலை நிமிர்த்த மாட்டாள்.

பெட்டியைக் கிளறி என் கணவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தேன். தகப்பன் பெயர்: சின்னத்தம்பி. பிறகு, ஓக்லி விலாசத்துக்கு அவருடைய அண்ணர் போட்ட நீல விமானக் கடித உறை ஒன்று. இரண்டையும் கொண்டு சத்தியக் கடதாசி முடிக்க, சமாதான நீதவானாக இருக்கிற மருந்துக்கடைக்காரரிடம் போனோம். தலைவலி மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் நடுவே எங்கள் குடும்ப விவகாரம் விசாரிக்கப்பட்டது.

"காலஞ்சென்றவர் இந்தப் பூனையைப் பார்த்திருக்கிறாரா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை," என்றார் என் கணவர்.

"சரி. அவருடைய சொத்துக்கு வாரிசு நீங்கள்தானா?"

"இல்லை, நான் மூன்றாவது. முறைப்படி பார்த்தால் மூத்த அண்ணருக்குத்தான்..."

மேசைக்குக் கீழே அவர் காலை என் செருப்பால் மிதித்தேன். உயிரோடு இருக்கிறவர்களில் மெல்பேர்னில் இருக்கிற ஒரே மகன் இவர்தான் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை. மருந்துக்கடைக்காரர் சிரிக்காமல் கையெழுத்து வைத்தார். புதிய வைத்தியர் அதைப் பார்த்துக் கொப்பியைத் திருத்தி, ஒரு கடிதமும் தந்தார். இந்த முறை சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன்.

6

அந்தக் கடிதத்தை அவள் பெட்டிக்குள் போட்டிருந்தாலே பூனை வந்திருக்கும். என் கணவர் அதைத்தான் சொன்னார். எனக்குப் பூனை மட்டும் போதவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு மூன்று முறை போனேன். இது தங்கள் வேலை இல்லை என்று முதல் இரண்டு முறையும் மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை, என்னைப் பார்த்துக் களைத்துப்போன ஓர் இளம் கான்ஸ்டபிள், சும்மா கூட வந்து நிற்கிறேன் என்றார். எனக்கு அது போதும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள் என்றேன். அந்த நேரத்தில் பின்தெரு ஆண்கள் எல்லாம் புல்லு வெட்டுவார்கள். பெண்கள் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள்.

மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை போட்ட காஞ்சிபுரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கே கட்டிக்கொண்டு போகக் கோயிலும் இல்லை, கலியாணவீடும் இல்லை. பெட்டியிலேயே கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள். வா, பார், என்றேன்.

மிஸிஸ் பிரிட்சர்ட் தலையில் சுருள் குழாய்களோடு கதவைத் திறந்தாள். கான்ஸ்டபிள் மெதுவாகத்தான் சொன்னார். நான் மெதுவாகச் சொல்லவில்லை. எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்க வாசித்தேன். ஒரு புல்லு வெட்டும் இயந்திரம் நின்றது. பிறகு இன்னொன்று. தெரு முழுக்க அமைதியானதும், ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன் நின்று பழகிய ஆங்கில வசனத்தைச் சொன்னேன்: "என் பிள்ளையிடம் பூனை செத்துவிட்டது என்று சொன்னீர்கள். அது உங்கள் மடியில் இருந்தது. அதை நீங்களே எங்கள் வீடு வரை தூக்கிக்கொண்டு வாருங்கள்."

கான்ஸ்டபிள், அது தேவையில்லை அம்மா, என்றார். தேவை என்றேன்.

அவள் வந்தாள். சுருள் குழாய்களோடு, வீட்டுச் செருப்போடு, பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரு முனையால் திரும்பி எங்கள் வாசல் வரைக்கும். வேலிகளுக்கு மேலால் தலைகள் பார்த்தன. வாசலில் பூனையை என் கையில் தரும்போது மட்டும், "நாள் முழுக்கத் தனியாக இருந்தது. உங்கள் வீட்டில் யாருமே இல்லை," என்றாள். நான் நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் எனக்குச் சாத்தியதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே சாத்தினேன். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

7

அப்பளம் வந்து பத்து நாள் ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் தலை போட்டேன், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. மாலையானால் பின்வேலியில் ஏறி, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. மகள் அதைத் தூக்குகிறாள், தடவுகிறாள், பால் வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ஒவ்வொரு நாளும் குழாயை மூடிவிட்டு நிற்கிறேன். பால் நக்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

நேற்று வேலையால் வந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பூனை வேலியில் இருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "டஸ்டி," என்றாள், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல. பூனை வாலை உயர்த்தியது.

பின்கதவு அடித்துத் திறந்தது. மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு, காலில் சப்பாத்து இல்லாமல் ஓடி வந்து வேலியடியில் நின்றாள். எட்டிப் பூனையை இழுத்தெடுத்து, அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல கணீரென்ற தமிழில் சொன்னாள்:

"அங்க போகாதை. அவள் கள்ளி. கட்டையில போவாள். அவளின்ர வீடு ஒருநாளும் விளங்காது."

ஒரு சொல் பிசகவில்லை. இடையில் மூச்சு எடுத்த இடம் கூட நான் எடுக்கிற இடம்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மிஸிஸ் பிரிட்சர்ட், "என்ன சொல்கிறாய், பிள்ளை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்றுமில்லை, மிஸிஸ் பிரிட்சர்ட்," என்றாள் மகள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற குரலில், ஆங்கிலத்தில். "சாப்பிட வரச் சொல்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் நான் பொய்க்காரி. உடுப்புக் கூடையைப் புல்லில் வைத்துவிட்டு நின்றேன். மகள் பூனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது, கண் பளபளத்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என்னிடம் தமிழில் ஒன்று கேட்டாள்.

"சரியாச் சொன்னனானோ, அம்மா?"

"ஓம்," என்றேன். "சரியாத்தான் சொன்னனீ."